குவாட்டர் பாட்டில் டெட்ரா பாக்கெட்டாக மாறினால் லேபிள் அச்சகங்களின் கதி என்ன?

சிவகாசி ஆப்செட்:
எங்கள் பிரஸ்ஸில் ஓடுவதில் பாதிக்கு மேல் 180 மில்லி பாட்டில் லேபிள்தான். கர்நாடகத்தில் மலிவு விலைச் சரக்கு 90, 180 மில்லி டெட்ரா பாக்கெட்டில் விற்கிறது. 2023ல் இங்கேயும் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பாக்கெட் என்றால் அட்டையிலேயே அச்சாகி வந்துவிடும், லேபிளுக்கு வேலையே இல்லை. கடன் வாங்கி ஸ்டிக்கர் லேபிள் மிஷின் போட்டால் தப்பிக்கலாமா? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெங்களூர்வாசி:
இங்கே டெட்ரா ஓடுவதற்குக் காரணம் எளிது. எடை குறைவு, உடையாது, ஒரே லாரியில் கூடுதலாக ஏற்றலாம். ஆனால் 2025 நவம்பரில் ஒரு வர்த்தக முத்திரை வழக்கில், இது ஜூஸ் பாக்கெட் மாதிரி இருக்கிறதே, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோகலாமே என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். எனக்கும் அதே பயம்தான்.

குன்னூர்க்காரன்:
பாட்டில் காட்டில் உடைந்து கிடந்தால் யானையின் பாதம் கிழியும். அதனால்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. இப்போது சோலை ஓரம் கண்ணாடி குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். டெட்ரா கிழிக்காது, சரி. ஆனால் காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அட்டையை எந்தக் காயலான் கடையில் ஆசையாக வாங்குவார்கள்?

ஈரோடு பழைய பாட்டில்:
அண்ணே, அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள். கேரளாவும் 2025ல் 20 ரூபாய் வைத்து பாட்டிலைத் திரும்ப வாங்க ஆரம்பித்திருக்கிறது. உங்கள் பிழைப்பு இருப்பது இந்தப் பக்கம்தான். திரும்பி வரும் பீர் பாட்டிலைச் சூடான காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுக் கழுவுவார்கள். அதில் பசை போட்ட காகித லேபிள் தானாக உரிந்துவிடும். சாதாரண ஸ்டிக்கர் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், சுரண்ட ஆள் போட வேண்டும். நாங்கள் அந்த மாதிரி பாட்டிலைத் தனியாக ஒதுக்கிவிடுவோம். ஒரே பாட்டில் எத்தனை முறை நிரம்புகிறதோ அத்தனை முறை புது லேபிள் வேண்டும். கழுவினால் சுத்தமாக உரியும் காகிதம், மை எது என்று பார்த்து அதில் பணம் போடுங்கள்.

சிவகாசி ஆப்செட்:
இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணே. காஸ்டிக்கில் சாயம் கரைந்து கழுவும் தண்ணீரைக் கெடுக்காத மை யாரிடம் கிடைக்கும்?