புதுப்பிப்பு: கூடத்துச் சுவருக்குக் கோலம் வந்துவிட்டது

கூடத்தின் காலிச் சுவரில் என்ன மாட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். படம் எதுவும் வாங்கவில்லை. அம்மாவின் பழைய கோல நோட்டைப் புரட்டியதும் முடிவாகிவிட்டது. மார்கழிக்காக அவர் வரைந்து வைத்த சிக்குக் கோலம், இடைப்புள்ளி 15-8: நடு வரிசையில் 15 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும்.

சுவருக்குக் காவி நிறம் அடித்து, காய்ந்ததும் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். அம்மா நூல் பிடித்து இடைவெளி பார்த்துக்கொண்டார். வெள்ளை அக்ரிலிக்கில் கோடு இழுத்தது நானும் மகளும். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வர வேண்டும், அதனால் மெல்லிய வட்டத் தூரிகைதான் சரி. தட்டைத் தூரிகை வளைவில் தடித்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நோட்டின் ஓரத்தில் அம்மா எழுதியிருந்த பால் கணக்கு. அந்தப் பக்கத்தையும் சட்டம் போட்டு அருகிலேயே மாட்டிவிட்டோம். அப்புறம், பூசணிப்பூக் கோலம் யோசனை சொன்னவருக்கு நன்றி. அது அடுத்து சமையலறைக் கதவுக்கு.