புதுப்பிப்பு: தொலைக்காட்சி ஒலிக்காக வாங்கிய சவுண்ட்பார்

எங்கள் செல்லூர் வீட்டுத் தொலைக்காட்சியில் பின்னணி இசை முழங்க, வசனம் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கிறதே, விலை குறைந்த சவுண்ட்பார் (தொலைக்காட்சியின் கீழ் வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்; உதவுகிறது. மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் சுவரில் பட்டுச் சிதறிய குரல், இப்போது நேராக நம்மிடம் வருகிறது.

புளூடூத்தில் இணைத்தபோது உதட்டசைவுக்குப் பின்தங்கியே ஒலி வந்ததால், ‘ஏஆர்சி’ (தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று அச்சிட்ட எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகி, அமைப்புகளில், இணைத்த கருவிகளை ஒரே ரிமோட்டால் கட்டுப்படுத்த உதவும் சிஇசியையும் இயக்கினேன். தொலைக்காட்சியின் ரிமோட்டே இப்போது சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ஏஆர்சி வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் அறிமுகமானது. அதற்கு முந்தைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆப்டிகல் கேபிள் போதும், ஆனால் பெரும்பாலும் இரண்டு ரிமோட்டுகளோடு மல்லாட வேண்டியிருக்கும். இணைத்தும் ஒலி வரவில்லையென்றால், டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத சாதாரண ஒலி வடிவம்) என மாற்றிப் பாருங்கள்.

தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைத்தால் அதிர்வு கூடும்; கீழ்வீட்டு அத்தையை எண்ணி நான் மூலையிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறேன். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நேரலையில், கூட்டத்தின் இரைச்சலையும் மீறி வர்ணனை தெளிவாகக் கேட்டது ‘வாய்ஸ்’ முறையில்தான். ‘சினிமா’ முறை, என்னைக் கேட்டால், வெறும் ஆரவாரம்.