சியூஇடி: இடம் ஐந்து, கையில் பாடம் ஆறு. எதை விடுவது?

தங்கச்சிமடத்துப் பெண்:
பன்னிரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி, தமிழ் வழி, கணக்கு-உயிரியல் குரூப். விலங்கியல் படித்துவிட்டுக் கடல் உயிரியலுக்குப் போக ஆசை. டெல்லிப் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் மனசில் இருக்கின்றன. இவற்றில் இளநிலைப் படிப்பில் சேர எழுதுகிற நுழைவுத் தேர்வான சியூஇடி-யில் ஐந்து பாடத்துக்கு மேல் எடுக்க முடியாது. நான் எழுதி வைத்திருப்பதோ ஆறு: தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொதுத் திறன் தேர்வு. கேட்ட இடத்தில் எல்லாம் "கிடைக்கிற அஞ்சையும் எழுதிப் போடு" என்கிறார்கள். அப்பா விசைப்படகில் போகிறவர். தேர்வு வருகிற மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் காசு புழங்காது (துணைக்கு வர அப்பா கரையில் இருப்பார், அது ஒன்றுதான் லாபம்). அதனால் ஒரு பாடத்துக்குக்கூட வீணாகப் பணம் கட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பெரியபட்டினம் அண்ணன்:
டெல்லியில் விலங்கியல்தான் படிக்கிறேன் தங்கச்சி. பாடப் பட்டியலை மூடி வை. முதலில் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாய் என்று எழுது. பாடம் தானாக வந்து நிற்கும்.

இங்கே பிஎஸ்சி விலங்கியல் ஹானர்ஸுக்கு ஒரு மொழித்தாள், இயற்பியல், வேதியியல், உயிரியல், அவ்வளவுதான். பொதுத் திறன் தேர்வை இந்தப் படிப்புக்குக் கேட்பதில்லை. மொழித்தாள் ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, தமிழ் போதும். நம் ஆட்கள் தமிழ்த்தாளை இளக்காரமாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது புரியவே இல்லை. ஒவ்வொரு தாளும் 50 கேள்வி, 250 மதிப்பெண். தரவரிசைக்கு மூன்று அறிவியல் தாள்களைத்தான் கூட்டுவார்கள், மொழித்தாளில் குறைந்தது 30 சதவீதம் எடுத்தால் போதும். பத்தியைப் படித்துப் பதில் எழுதுகிற தமிழ்த்தாளில் அதை நீ சுலபமாக எடுத்துவிடலாம். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், குருட்டாம்போக்கில் குறிக்காதே.

ஆக நாலு இடம் முடிந்தது. ஐந்தாவது ஆங்கிலமா பொதுத் திறன் தேர்வா என்பதைத் திருவாரூர் முடிவு செய்யட்டும். அவர்கள் இணையப் பக்கத்தில் படிப்புவாரியாக எந்தத் தாள் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். உன் படிப்புக்கு நேராக எது இருக்கிறதோ அதை எடு. இரண்டுமே இல்லையென்றால் நாலோடு நிறுத்து.

அப்புறம், தமிழ் வழியில் எழுதினால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. நம் பாடப் புத்தகத்தில் இருக்கிற கலைச்சொல் பட்டியலை இப்போதே மனப்பாடம் பண்ணு. சியூஇடி பாடத்திட்டம் மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டி-யை ஒட்டியது. மரபியல், உயிரித் தொழில்நுட்பம், சூழலியல் எல்லாம் நாம் படித்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை.

மண்டபம் டீச்சர்:
தம்பி சொன்னது சரி. பணக் கணக்கை நான் சொல்கிறேன். 2025-இல் ஓபிசி பிரிவுக்கு மூன்று பாடம் வரை 900 ரூபாய், அதற்கு மேல் பாடத்துக்கு 375. பிசி, எம்பிசி என்று மாநிலச் சான்று வைத்திருந்தால் போதாதும்மா. மத்திய அரசுக்கான ஓபிசி சான்று தனி. கடைசி வாரத்தில் அலையாதே.

இன்னொன்று, இதை ஏன் யாரும் உன்னிடம் சொல்லவில்லை? மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வள அறிவியல் பட்டப் படிப்பான பிஎஃப்எஸ்சி-க்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். தூத்துக்குடிக் கல்லூரி நமக்குப் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சியூஇடி எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தையும் போட்டு வை.

தொண்டிக்காரன்:
கடல் படிக்க டெல்லிக்கா? அங்கே யமுனைதான் ஓடுது. இங்கே எந்தக் கல்லூரியிலாவது பிஎஸ்சி முடித்துவிட்டு வாங்க, கடல் சார்ந்த முதுகலைக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகமே இருக்கு.

தங்கச்சிமடத்துப் பெண்:
அண்ணா, தமிழும் மூன்று அறிவியலும் உறுதி. ஐந்தாவதைத் திருவாரூர் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டீச்சர், ஓபிசி சான்றுக்கு ராமேஸ்வரம் தாலுகா ஆபீஸுக்கே போகணுமா?

மண்டபம் டீச்சர்:
இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றும் அப்பாவின் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும்.