பழைய 486 கம்ப்யூட்டரில் தேதிக் குழப்பம், உதவுங்கள்

மன்னார்குடி பக்கம் எங்கள் அரிசி ஆலையில் ஒரு பழைய 486 கம்ப்யூட்டர் இருக்கிறது. குறுவை, சம்பா கொள்முதல் கணக்கெல்லாம் அதில்தான். (காயலான் கடைக்குப் போடு என்கிறான் மகன்.)

சோதித்துப் பார்ப்போமே என்று டாஸில் (கம்ப்யூட்டரை இயக்கும் பழைய மென்பொருள்) 31-12-1999, 23:58 என்று வைத்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். 4-1-1980 என்கிறது! அணைக்காமல் விட்டால் ஒழுங்காக 2000க்குப் போகிறது. பேட்டரி புதுசுதான். கடிகாரச் சில்லு கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் நகர்த்துகிறது, நூற்றாண்டைத் தொடுவதில்லை போல. கையால் 2000 கொடுத்தால் நிற்கிறது, சரி.

ஆனால் பாக்ஸ்புரோ (பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள்) கணக்கில் 2001 சம்பா, 1998க்கு முன்னால் வந்து உட்காருகிறது. ‘01’ என்று அடித்ததை 1901 ஆக எடுத்துக்கொண்டதோ? ‘செட் செஞ்சுரி ஆன்’ (ஆண்டை நான்கு இலக்கமாகக் காட்டச் சொல்லும் கட்டளை) போட்டால் போதுமா, பழைய பதிவுகளையும் திருத்த வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.