கறுப்புக் கன்னியும் வெள்ளை ராஜபாளையமும் ஒரே படத்தில்: வெளிச்சம், ஃபிளாஷ், கயிறு, கட்டணம்

நெல்லைக் கேமரா:

வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆர்டர்களோடு வளர்ப்பு நாய்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலையையும் தொடங்குகிறேன். வீட்டில் நாய் உண்டு. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நாயை எடுப்பதுதான் புதுசு.

முதல் ஆர்டர் ஒரே வீட்டில் இரண்டு நாய். ஒன்று கன்னி என்ற நாட்டு நாய் இனம், கறுப்பு, பெட்டை, 3 வயது. இன்னொன்று ராஜபாளையம், கடுவன், 5 வயது. இரண்டும் சேர்ந்த படம் ஒன்றை 16-க்கு 24 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டுமாம். கையில் இருப்பது ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஒரு 24-70 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ். வீட்டுக் கூடத்தில் எடுக்கலாம், பின்னால் தென்னந்தோப்பும் இருக்கிறது.

சோதனைப் படங்களில் கன்னிக்கு வெளிச்ச அளவு வைத்தால் ராஜபாளையம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடுகிறது. ராஜபாளையத்துக்கு வைத்தால் கன்னி கரிக்கட்டை, கண் எங்கே என்றே தெரியவில்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு கலங்குகிறது. ஃபிளாஷ் நாய்க்குக் கெடுதலா? கயிற்றைக் கழற்றி எடுக்கலாமா? கட்டணம் எப்படிச் சொல்வது?

வெள்ளி உப்பு:

மூக்கு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 85 எம்எம்-ல் 2 மீட்டர் தூரத்தில் லென்ஸ் திறப்பை எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ.தான். கன்னி மாதிரி நீள மூஞ்சி நாய்க்குக் கண்ணிலிருந்து மூக்கு நுனி அதைவிடத் தள்ளி இருக்கும். எஃப் 5.6 வைங்க, 18 செ.மீ. கிடைக்கும். பின்னணி கலங்கணும் என்றால் நாயைப் பின்சுவரிலிருந்து 3 மீட்டராவது முன்னால் கொண்டு வாங்க. 24-70-ஐ 24-ல் வைத்து முகத்துக்குப் பக்கத்தில் போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும், அது வேண்டாம்.

அடுத்து கறுப்பு வெள்ளை. கேமராவின் ஒளி மீட்டர் தன் முன்னால் இருப்பது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் கறுப்பு நாயை வெளுக்க வைக்கும், வெள்ளை நாயை அழுக்காக்கும். தனித்தனியாக எடுக்கும்போது கன்னிக்கு −2/3 முதல் −1 வரை, ராஜபாளையத்துக்கு +2/3 முதல் +1 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) திருத்தம் கொடுத்தால் போதும். இரண்டும் சேர்ந்தால், அளவை நாமே வைக்கும் மேனுவல் தவிர வழியில்லை. அளவை வெள்ளைக்கு வைங்க. ராஜபாளையத்தின் நெற்றியிலும் மார்பிலும் ரோமம் பிரிந்து தெரியணும், ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டக்கூடாது. வெளுத்துப்போன ரோமம் ரா ஃபைலிலும் திரும்பாது.

அதற்காகக் கன்னியை எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீங்க. நிழலை ரொம்ப இழுத்தால் புள்ளி கிளம்பும், 16-க்கு 24-ல் அது நன்றாகவே தெரியும். அதை இடத்திலேயே வெளிச்சத்தால் சரிபண்ணணும். சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில், நாயின் கண்ணுக்குச் சற்று மேலே வைங்க. கன்னி விளக்குப் பக்கம், ராஜபாளையம் மறுபக்கம். கன்னி விளக்கிலிருந்து 1 மீட்டர், ராஜபாளையம் 1.4 மீட்டர் என்றால் ராஜபாளையத்துக்குக் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம்தான் போகும். ஒரு முழு ஸ்டாப் வித்தியாசம் செலவில்லாமல் கிடைத்துவிட்டது. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும், ஒன்று முன்னால் ஒன்று பின்னால் உட்கார்ந்தால் எஃப் 5.6-ம் போதாது.

கறுப்பு ரோமத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் ஓடும் பளபளப்புதான். பக்கவாட்டுப் பெரிய விளக்கு அதைக் கொடுக்கும், கேமராவுக்கு மேலே மாட்டிய ஃபிளாஷ் கொடுக்காது. அது கண்ணின் பின்படலத்தில் பட்டுப் பச்சையாகத் திரும்பவும் செய்யும். முன்னால் தரையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வைத்தால் இரண்டின் கண்ணிலும் வெளிச்சப் பொட்டு விழும். அந்தப் பொட்டு இல்லாத கறுப்பு நாயின் கண் படத்தில் செத்த கண் மாதிரி இருக்கும். பின்னணித் துணி நடுத்தரச் சாம்பலோ மங்கிய மஞ்சளோ போதும். கறுப்பும் வெள்ளையும் வேண்டாம், ஆளுக்கு ஒரு நாயை விழுங்கிவிடும்.

விலங்குக் கண் ஃபோகஸ் கறுப்பு முகத்தில் அடிக்கடி தவறும். அப்போது ஒற்றைச் சின்னப் புள்ளிக்கு மாறி, கன்னிக்குக் கண்ணுக்கு மேலே உள்ள செம்பழுப்புப் பொட்டில் வைங்க. கறுப்பும் பழுப்பும் சந்திக்கும் இடத்தை லென்ஸ் உடனே பிடிக்கும், தூரமும் கண்ணின் தூரம்தான்.

கூடத்தில் ட்யூப் லைட், எல்.இ.டி. எல்லாவற்றையும் அணைத்துவிடுங்க. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை நொடிக்கு 100 தடவை துடிக்கும், வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக விழலாம். சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் இந்தப் பட்டை இன்னும் மோசமாகும், பெரும்பாலான கேமராவில் ஃபிளாஷும் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டர், 1/200 நொடி.

தோப்பில் எடுப்பதானால் காலை 7 மணிக்கு முன்னால். நிழலில் வெள்ளை நாய்க்கு மேலிருந்து நீலமும் கீழே புல்லிலிருந்து பச்சையும் ஏறும். சாம்பல் அட்டை ஒன்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நீலத்தை எடுத்துவிடலாம். வயிற்றுப் பச்சையைத் தனியாகத்தான் குறைக்க வேண்டும். ஓடுகிற படத்துக்கு ஷட்டர் 1/2000 நொடி.

கரிசல் மண்:

வெளிச்சக் கணக்கு சரி. நாய்க் கணக்கில் ஒன்று சேர்க்கணும். இரண்டு நாயை 40 செ.மீ. இடைவெளியில் உட்காரவைத்து நடுவில் தீனியை நீட்டினால் ஒரே தட்டில் வளர்ந்த நாய்கூட மோதிக்கொள்ளும். இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு நாய், தீனி அந்தந்தப் பக்கத்து ஆளிடமிருந்து மட்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்க. பிஸ்கட் வேண்டாம், தூள் மூக்கில் ஒட்டும், தாகம் எடுத்து நாக்கு தொங்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, மூன்றும் நாய்க்கு விஷம்.

கயிற்றைக் கழற்றவே கழற்றாதீங்க. கன்னி கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். தோப்பில் ஒரு அணில் ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது. இன்னொரு சிக்கல், இந்த ஜாதிக்குத் தலை குறுகல், கழுத்துக்கும் தலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாதாரணப் பெல்ட் பின்னால் இழுத்த இழுப்பில் கழன்று வந்துவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் போடச் சொல்லுங்க, அல்லது மார்புப் பட்டை. கயிறு மெல்லிசாக, பின்னணி நிறத்துக்குப் பக்கமாக இருந்தால் எடிட்டில் அழிக்கச் சுலபம். பிடிக்கிறவர் அதை நேராக மேலே தூக்கிப் பிடிக்கணும். மார்புக்குக் குறுக்கே ஓடினால் ரோமத்தை ஒவ்வொன்றாக வரைய வேண்டியிருக்கும்.

ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு, வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்க. காது கேட்காத நாய்க்குப் பீப்பீ பொம்மையால் பயனில்லை. லென்ஸுக்கு மேலே கையை அசைக்கலாம், தரையைத் தட்டலாம். தூங்கும்போது பின்னால் போய்த் தொட்டால் கடி நிச்சயம். லேசர் விளக்கு எந்த நாய்க்கும் காட்டாதீங்க, பிடிக்க முடியாத புள்ளியைத் தேடித் தேடி அது வழக்கமாகவே ஆகிவிடும். காது கேட்கும் நாய்க்கும் சத்தத்தைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கணும். முதல் இரண்டு மூன்று தடவைதான் தலையைச் சாய்த்துப் பார்க்கும், பிறகு திரும்பக்கூட மாட்டாது. ஃபோகஸ் விழுந்து விரல் பட்டனில் இருக்கும்போதுதான் சத்தம்.

ஃபிளாஷில் கவலை திடீர் அதிர்ச்சிதான். வலிப்பு வந்த நாயா என்று மட்டும் கேளுங்க, ஆம் என்றால் ஃபிளாஷே வேண்டாம், ஜன்னல் போதும். மற்றபடி முதலில் ஃபிளாஷின் பீப் ஒலியை அணைங்க. 1/64 பவரில், 3 மீட்டர் தள்ளிச் சுவரைப் பார்த்து ஒரு தடவை எரிய விட்டு உடனே ஒரு துண்டு கோழி. இப்படிப் பத்துத் தடவை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய்க்கு இதுவும் ஒத்துவராமல் போகலாம்.

போனவுடன் கேமராவை எடுக்காதீங்க. இரண்டும் அந்நியரை லேசில் ஏற்காத ஜாதி. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் 15 நிமிஷம். பையையும் ஸ்டாண்டையும் முகர்ந்து பார்க்கட்டும். லென்ஸ் நாய்க்கு உற்றுப் பார்க்கும் பெரிய கண். தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, உதட்டை நக்குவது, வெள்ளைவிழி தெரியத் திரும்பிப் பார்ப்பது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது, இதில் எது தெரிந்தாலும் கேமராவைக் கீழே வைங்க. 20 நிமிஷம் வேலை, 10 நிமிஷம் ஓய்வு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த நாயும் தாங்காது.

டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் நாய் கூனிக்குறுகித்தான் நிற்கும். துணிக்கு அடியில் ரப்பர் பாய் விரிங்க.

வெள்ளி உப்பு:

கரிசல் மண் சொன்ன இடைவெளிப் பிரச்சினைக்கு ஒரு வழி. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஃபோகஸ், அளவு, விளக்கு எதையும் மாற்றாமல் இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டலாம். உட்காரும் இடங்களைத் தரையில் டேப்பால் குறித்துக்கொள்ளுங்க. முடிந்ததும் நாயே இல்லாமல் வெறும் பின்னணியை ஒரு படம் கட்டாயம் எடுங்க. கயிற்றையும் பிடித்தவர் கையையும் அழிக்க அதுதான் மூலப்பொருள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுவது மட்டும் ஒட்டுப் படத்தில் வராது, அதனால் முதல் முயற்சி எப்போதும் சேர்த்து எடுப்பதாகவே இருக்கட்டும்.

குளிப்பாட்டுவதை இரண்டு நாள் முன்னால் செய்யச் சொல்லுங்க. அன்று காலையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி வைப்பவர்கள் உண்டு. ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்டித் தூசி படியும், கறுப்பில் அப்படியே தெரியும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும். கண் பீளையை அங்கேயே துடைத்துவிடுங்க, எடிட்டில் ஒவ்வொரு படத்திலும் 5 நிமிஷம் மிச்சம்.

மருந்துப் பெட்டி:

தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் வேலையை ஒத்துக்கொள்ளாதீங்க. ரேபிஸ் ஊசி கெடு தாண்டாமல் இருக்கணும். குட்டி என்றால் 16 வாரத்துத் தவணை முடியும்வரை பல வீட்டு நாய்கள் வந்துபோகும் ஸ்டுடியோவுக்கு வரவழைக்க வேண்டாம், நீங்களே போய் எடுங்க.

காரணம் பார்வோ என்ற தொற்றுநோய். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு வீட்டுப் பாயை அடுத்த வீட்டில் விரித்தால் நீங்களே கொண்டுபோனதாக ஆகிவிடும். பினாயிலை நம்ப வேண்டாம். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு சாதாரண வீட்டு பிளீச் திரவம் 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிஷம் ஊறவிட்டு அலசிக் காயவைங்க. ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். நனைக்க முடியாத போர்வையை வீட்டுக்காரரிடமே வாங்கிக்கொள்வது நல்லது.

வெயில் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லணும். மொட்டைமாடியிலோ சிமெண்ட் தரையிலோ எடுக்கும் முன் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்க, உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துவிடும். நாயின் இயல்பான உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, வாய்நீர் கெட்டியாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் போங்க. 'நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கிற மாதிரி' என்று நாம் ஆசைப்படும் படம் பல நேரம் மூச்சிரைப்புதான்.

கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், மிளகாய்த்தூள், கட்டு எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்க. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீங்க.

கணக்கு நோட்டு:

கட்டணத்தை அடுத்தவர் விலையைப் பார்த்துப் போடாமல் மணிக்கணக்கில் போடுங்க. முன்கூட்டிப் பேசுவதும் பழகுவதும் 1 மணி, விளக்கு வைப்பதும் ஓய்வும் சேர்த்துப் படப்பிடிப்பு 2 மணி, பொறுக்குவது 1 மணி, 12 படம் எடிட் படத்துக்கு 20 நிமிஷம் என்றால் 4 மணி, பிரிண்ட் பார்த்து ஒப்படைப்பது 1 மணி. ஆக 9 மணி நேரம். உங்கள் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 3,600. கருவி 3 லட்சம், ஆயுள் 5 வருஷம், வருஷத்துக்கு 60 வேலை என்றால் வேலைக்கு 1,000 தேய்மானம். 4,600. இதற்கு மேல் வண்டிச் செலவு, பிரிண்ட், ஃபிரேம், லாபம். இந்த எண்கள் உதாரணம்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்க. புதுசு என்று 1,500-க்குத் தொடங்குபவர்கள் எடிட் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒத்துக்கொள்ளும்போது ஒரு பக்கத் தாள் போதும். பாதி முன்பணம், எத்தனை படம், எத்தனை நாளில், நாய் அன்று ஒத்துழைக்காவிட்டால் ஒரு தடவை இலவசமாகத் திரும்ப எடுப்பது. கடைசி நிபந்தனையைப் போடாதவர்கள்தான் நாயைக் கட்டாயப்படுத்தும் நிலைக்கு வருவார்கள்.

அதோடு, பலரும் கவனிக்காதது: 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. உங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் போடணும் என்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. சினிமா, விளம்பரப் படம் என்று கூப்பிட்டால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்க. ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு சேவைக்கு ஆண்டுக்கு 20 லட்சம், கல்யாண வேலையும் சேர்த்துத்தான்.

நெல்லைக் கேமரா:

எல்லாருக்கும் நன்றி. கூடத்தில் பக்கவாட்டு விளக்கு, கன்னி விளக்குப் பக்கம் என்று முடிவு பண்ணிவிட்டேன். இன்னொன்று: வீட்டம்மா இரண்டுக்கும் பூமாலை போட்டு, குங்குமம் வைத்து ஒரு படம் கேட்கிறார்கள். செய்யலாமா?

கரிசல் மண்:

மாலை கடைசிப் படமாக இருக்கட்டும், அதைப் போட்டதும் கடிக்கத்தான் பார்க்கும். மல்லிகை, தளர்வாக, நூலில் கட்டியது. அரளி வேண்டவே வேண்டாம், பூ, இலை எல்லாமே விஷம். ஜரிகை, கம்பி இருக்கக்கூடாது, விழுங்கினால் குடலைக் கிழிக்கும். குங்குமத்தை நாய்க்கு வைக்காதீங்க, ஒன்றின் நெற்றியை இன்னொன்று நக்கும், வெள்ளை ரோமத்தில் சாயமும் ஏறும். பொட்டை எடிட்டில் வைத்துக்கொடுங்க, அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்க. இரண்டு பேர் பிடிக்க, நீங்க ஃபோகஸை வைத்துக் காத்திருக்க, மாலை விழுந்து நான்கைந்து நொடிக்குள் எடுத்துவிடணும்.