டிபி பேஷன்ட் கூடவே இருந்தும் சிலருக்கு ஏன் தொத்தல?

கேள்வி: ஒரே வீட்ல மாசக்கணக்கா இருந்தும் சிலருக்கு ஸ்கின் டெஸ்ட், பிளட் டெஸ்ட் ரெண்டும் நெகட்டிவ்னு வருதே, கிருமி உள்ளயே போகலயா?

பதில்: போயிருக்குங்க. உகாண்டால கம்பாலாவுல இப்படிப்பட்டவங்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி 2019ல பேப்பர் போட்டாங்க, டிபி கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்துச்சு, கிருமியோட புரோட்டீன அடையாளம் கண்டுக்கிற டி செல்லும் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணு) இருந்துச்சு, ஆனா அந்த செல் இன்டர்ஃபெரான் காமாங்கிற சிக்னல் புரோட்டீன விடல. பிளட் டெஸ்ட் அளக்குறதே அதத்தான், அப்புறம் நெகட்டிவ்னுதான காட்டும்!

கேட்டவர்: அப்ப காமா தேவையே இல்லயா?

இன்னொருவர்: அப்படி சொல்லிடாதீங்க. நுரையீரல்ல மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல் கிருமிய முழுங்கிடும், ஆனா கொல்ல முடியாம திணறும், டி செல்லுல ஒரு வகையான சிடி4 செல் வந்து காமா விட்டாதான் அதுக்கு வேகம் வரும். எச்ஐவில சிடி4 குறையறதாலதான் டிபி அவ்ளோ சுலபமா புகுந்துடுது. கம்பாலா ஆளுங்களுக்கு வேற எந்த வழில பாதுகாப்பு கிடைக்குதுன்னுதான் தேடிட்டு இருக்காங்க.