ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' மாயாஜால நாவல் தொடரின் கடைசிப் பாகம்: உங்களுக்கு நிறைவாக இருந்ததா?

ரோஸ்ஹில் வாசகி:
காவடி விடுமுறையில் 14ஆம் பாகமான 'எ மெமரி ஆஃப் லைட்' படித்து முடித்தேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாயகிகளில் ஒருத்தியான எக்வீன் இறக்கும் இடத்தில் அழுதுவிட்டேன், அன்று இரவு மேலே படிக்கவே முடியவில்லை. ஆனால் வில்லன் ஃபெய்ன்? முதல் பாகத்திலிருந்து பயமுறுத்திக்கொண்டே வந்தவனை, நாயகனின் நண்பன் மாட் இவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுவது சரியா? ராபர்ட் ஜோர்டன் உயிரோடு இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாரா?

காத்ர்போர்ன் தம்பி:
அக்கா, ஃபெய்ன் விஷயத்தில் எனக்கும் அதே கோபம்தான். ஆனால் பழியை எல்லாம் தொடரை முடித்துவைத்த எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் மேல் போடாதீர்கள். ஜோர்டன் 2007இல் இறந்தபோது விட்டுப்போன குறிப்புகளையும் எழுதி வைத்த சில காட்சிகளையும் வைத்துத்தான் அவர் கடைசி மூன்று பாகங்களை முடித்தார். நாயகன் ராண்ட் நெருப்பே இல்லாமல் சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு குதிரையில் போகும் அந்த முடிவுக் காட்சி ஜோர்டனே எழுதியது, 1990இல் தொடங்கிய கதை அவர் நினைத்த இடத்தில்தான் வந்து நின்றது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

போர்ட்லூயி மாமா:
'லாஸ்ட் பேட்டில்' அத்தியாயம் ரொம்ப நீளம், யார் எங்கே சண்டை போடுகிறார்கள் என்று நடுவில் குழம்பிப் போனது உண்மை. ஆனாலும் வாள்வீரன் லான் எதிரிப் படைத்தலைவன் டெமாண்ட்ரெட்டை எதிர்கொள்ளும் இடத்துக்காக இன்னொரு முறை படிப்பேன். முதல் பாகத்தில் ராண்டை வழிநடத்திய மந்திரக்காரி மொய்ரெயினைத்தான் வீணாக்கிவிட்டார்கள்.

ரோஸ்ஹில் வாசகி:
மொய்ரெயின் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள் மாமா. திரும்பி வந்தவளுக்குப் பேச இன்னும் நாலு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.